கால்பந்தும் வெறுங்காலும் – நான் தவறாகச் சொன்ன ஒரு பாடம்

போன வாரம் ஏரி மதகு பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி. இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஏழாம் வகுப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் செல்போனில் ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து பார்க்கிறான். அவனுக்கு வினீசியஸ் ஜூனியர் என்றால் உயிர். பிரேசிலில் ரியோ பக்கத்தில் சாவோ கொன்சாலோ என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பையன். பதினாறு வயதிலேயே ரியல் மாட்ரிட் கிளப் சுமார் 45 மில்லியன் யூரோ பேசி முடித்து, பதினெட்டு நிறைந்ததும் 2018இல் அழைத்துக்கொண்டது. 2022, 2024 இரண்டு ஆண்டும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் கோல் அடித்தான். இதெல்லாம் பேரன் எனக்கு எடுத்த பாடம். பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டான். "ஏன் தாத்தா, பிரேசில்காரன் போறான், ஆப்பிரிக்காக்காரன் போறான், நம்ம ஆளு ஒருத்தர்கூட ஐரோப்பாவுல ஆடுனதில்லையா?"

"ஆடியிருக்காருடா. 1936லயே. அதுவும் ஷூ இல்லாம" என்றேன். அவன் நம்பவில்லை. உங்களில் பலரும் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால் வகுப்பில் உங்களுக்கு நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர் பெயர் முகமது சலீம். 1904இல் கல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தவர். அயோத்தி ராஜ்யத்தை வெள்ளைக்காரர்கள் பிடுங்கிக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கியிருந்த இடம் அது. நவாபுக்குப் பின்னால் அது தையற்காரர்களின் ஊரானது. நம் பக்கம் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் என்றால் அங்கே தையல் மிஷின் சத்தம். வசதியில்லாத குடும்பம். சலீம் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் வேலைக்குப் படித்தார். மனசு மட்டும் பந்தில்.

அவருக்கு ஏழு வயதாகும்போது, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. எதிரணியில் அத்தனை பேரும் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம் அணியில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர், மீதிப் பத்துப் பேரும் வெறுங்கால். காந்தியடிகள் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். வெள்ளைக்காரனை ஜெயிக்க முடியும் என்று வங்காளத்துச் சிறுவர்கள் கண்ணால் பார்த்தது அந்த மைதானத்தில்தான்.

ஏன் வெறுங்கால்? பூட்ஸ் விலை முதல் காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நினைத்தால் தப்பு. தென்னேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஏரி வற்றி உள்வாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது நீங்களெல்லாம் அங்கே எப்படி ஆடினீர்கள்? மாட்டுக் குளம்புத் தடம், கருவேல முள், எல்லாவற்றுக்கும் நடுவில் வெறுங்காலோடு ஓடி, பந்தைக் கட்டை விரலால் நிறுத்தித் திருப்பினீர்கள். வெறுங்காலுக்குப் பந்தின் மேல் ஒரு பிடிமானம் உண்டு. பூட்ஸுக்குள் இருக்கும் காலுக்கு அது கிடைக்காது. மழை பெய்து தரை வழுக்கினால்தான் கதை மாறும். கல்கத்தாவில் கால்பந்து சீசனே மழைக்காலம். முகமதன் ஸ்போர்டிங் அணி அதைப் புரிந்துகொண்டு, ஈரத் தரையில் பூட்ஸோடு ஆட வீரர்களைப் பழக்கியது. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் கோப்பையை 1934 வரை எந்த இந்திய அணியும் வாங்கியதில்லை. 1934இல் முகமதன் வாங்கியது. அதன் பிறகு 1938 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து வாங்கியது. அந்த அணியில் வலது ஓரத்தில் ஓடிய முன்கள வீரர்தான் சலீம். மற்றவர்கள் பூட்ஸ் மாட்டினாலும் அவர் வெறுங்காலையே விரும்பினார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் இறங்கியது. அவர்களோடு இரண்டு நட்பு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் சலீமின் ஆட்டத்தைச் சீன அதிகாரிகளே பாராட்டினார்கள். இரண்டாம் ஆட்டத்தன்று ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அவர் கப்பலில் இருக்கிறார். ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த உறவினர் ஹாஷிம் என்பவர் அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்தார். "உன் ஆட்டத்தை அங்கே வந்து காட்டு" என்று கையோடு கூட்டிப் போய்விட்டார். கெய்ரோ வழியாக கிளாஸ்கோ. வயது முப்பத்திரண்டு. வினீசியஸை வாங்கியவர்கள் பதினாறு வயதில் வாங்கினார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோவில் செல்டிக் என்ற பெரிய கிளப். அதன் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. 1887இல் அதை ஆரம்பித்தவர் பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி. பள்ளித் தலைமை ஆசிரியர்! அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகளின் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் சேர்க்கத்தான் கால்பந்து அணி தொடங்கினார். நம் ஊர் சத்துணவுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த கிளப்பின் மேலாளர் வில்லி மேலி. அவரிடம் ஹாஷிம் போய், "இந்தியாவிலிருந்து ஒரு ஆட்டக்காரர் வந்திருக்கிறார். ஒரு முறை பாருங்கள். ஆனால் அவர் வெறுங்காலில்தான் ஆடுவார்" என்று சொன்னாராம். சம்பளத்துக்கு ஆடும் ஸ்காட்லாந்து வீரர்களின் ஆணி வைத்த பூட்ஸுக்கு எதிரே வெறுங்கால்! மேலி சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, ஆடிக் காட்டச் சொன்னார். பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

அந்த நாளின் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. பேரன் போனில் தேடி எடுத்துக் கொடுத்தான். சலீம் உட்கார்ந்திருக்கிறார். அவர் பாதத்தில் ஜிம்மி மக்மெனமி துணிக்கட்டு சுற்றிக்கொண்டிருக்கிறார். மக்மெனமி அந்த கிளப்பின் பழைய நட்சத்திர வீரர், அப்போது பயிற்சியாளர். இந்தியா அடிமை நாடாக இருந்த காலம் அது. அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரர் குனிந்து ஒரு இந்தியர் காலைப் பிடித்துக் கட்டுப் போடுகிறார். அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆட்டங்கள். ஹாமில்டன் அணியோடு 5-1. கால்ஸ்டன் அணியோடு, ஆகஸ்ட் 28 அன்று, 7-1. இரண்டும் செல்டிக் வெற்றி. இவை செல்டிக்கின் முதல் அணி ஆடிய லீக் ஆட்டங்கள் அல்ல, இரண்டாம் நிலை அணியின் ஆட்டங்கள். இதைச் சொல்லாமல் மறைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உள்ளதைச் சொன்னாலே சலீமுக்குப் பெருமைதான். கால்ஸ்டனோடு அடித்த ஏழு கோல்களில் மூன்று அவர் கொண்டுபோய்க் கொடுத்த பந்தில் விழுந்தவை.

மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அவரைக் கொண்டாடியது. பந்து அவர் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை உருண்டு போகிறது, ஒற்றைக் காலில் தத்தி எதிராளியைச் சுற்றி வருகிறார், பத்து விரல்களும் மின்னுகின்றன, கூட்டம் மயங்கிக் கிடந்தது என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால் தலைப்பில் அவரை 'இந்தியச் செப்பிடுவித்தைக்காரர்' என்ற பொருளில் போட்டிருந்தார்கள்.

இந்தத் தலைப்பு என்னை உறுத்துகிறது. பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊர் ஆள் அதே மூன்று கோலுக்கு வழி செய்திருந்தால் விளையாட்டு வீரர் என்றுதான் எழுதியிருப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் பாம்பாட்டியும் கயிற்று வித்தையும்தான் அவர்கள் ஞாபகத்துக்கு வருகிறது. பேரன் உடனே ஒன்று சொன்னான்: 2023 மே மாதம் வலென்சியா மைதானத்தில் வினீசியஸைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் குரங்கு என்று கத்தினார்களாம், அவன் ஆட்டத்தை நிறுத்தி அந்த ஆட்களை நடுவரிடம் கை நீட்டிக் காட்டினானாம். அடுத்த ஆண்டு மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். சலீம் காலத்தில் யாரையும் கை நீட்டிக் காட்டும் நிலையில் அவர் இல்லை.

சில மாதங்களில் சலீம் ஊர் திரும்பிவிட்டார். செல்டிக் அவரை நிறுத்திவைக்கப் பார்த்தது. அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி வசூலில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். அதை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள். எதுவும் அவரைப் பிடித்துவைக்கவில்லை. வீட்டு ஞாபகம். "கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாரே" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன என் மாணவர்களே, நீங்கள் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் எப்படி இருந்தது? உங்களுக்காவது போன் இருந்தது. திரும்பி வந்து முகமதனுக்காகவே ஆடி, அந்த ஐந்து கோப்பை வரிசையின் கடைசி இரண்டிலும் பங்கெடுத்தார்.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ, "1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது, ஆனால் நம் ஆட்கள் பூட்ஸ் போட மாட்டோம் என்று அடம்பிடித்ததால் போக முடியவில்லை" என்று வருடாவருடம் வகுப்பில் சொல்வேன். கூடவே, "காலத்துக்கு ஏற்ப மாறாதவன் பின்தங்குவான்" என்று ஒரு நீதியும் சேர்த்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தால் அது சரியில்லை. பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எல்லாம் விலகிக்கொண்டதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம்மையும் போட்டிருந்தார்கள். போகாததற்கு முக்கியக் காரணம் நம் கால்பந்து சம்மேளனத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்கு நேரமில்லை என்று சொன்னார்கள். செலவில் பெரும் பகுதியை ஏற்க பிரேசில் தயாராக இருந்தும் போகவில்லை. அன்றைய அணித் தலைவர் சைலேன் மன்னாவே பிற்காலத்தில், உலகக் கோப்பையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொன்னார். வெறுங்கால் கதை பிறகு ஒட்டவைத்தது. ஆபீஸில் எடுத்த முடிவுக்குப் பழி, ஆடுகிறவன் காலில் விழுந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். பிரான்ஸோடு 2-1 என்று கடைசி நிமிடங்களில் தோற்றோம். அதுவும் இரண்டு பெனால்ட்டியைக் கோட்டைவிட்டு. நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அணித் தலைவர் டாலிமெரென் ஆவ் நாகா இனத்தவர், டாக்டர். ஏன் பூட்ஸ் இல்லை என்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், "எங்கள் ஊரில் ஆடுவது ஃபுட்பால், உங்கள் ஊரில் ஆடுவது பூட்பால்" என்றாராம். 1952இல் ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. நான்கே வருடத்தில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நாம் நான்காம் இடம். பூட்ஸ் போட நம் ஆட்களுக்கு மறுப்பு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

அந்த மெல்போர்ன் அணியில் துளசிதாஸ் பலராம் இருந்தார். தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத் பக்கத்தில் பிறந்த முன்கள வீரர். சிறுவயதில் போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸின் தோலில் செருப்புத் தைப்பவரிடம் பந்து பூட்ஸ் தைத்து வாங்கியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். அந்த ஹங்கேரி அணியில் இருந்த ஃப்ளோரியன் ஆல்பர்ட் பின்னால் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கினார். பலராமுக்குக் காசநோய் வந்து இருபத்தேழு வயதிலேயே ஆட்டம் முடிந்தது. அவரை எந்த ஐரோப்பிய கிளப்பும் கூப்பிட்டதில்லை. 2023இல் கல்கத்தாவில் காலமானார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சலீமுக்குப் பிறகு ஐரோப்பிய கிளப்புக்கு ஒப்பந்தம் போட்டுப் போன இந்தியருக்காக 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிக்கிம் மாநிலத்து பாய்ச்சுங் பூட்டியா, இங்கிலாந்தில் பரி என்ற சிறிய கிளப். மூன்று வருடத்தில் 37 ஆட்டம், 3 கோல். சுனில் சேத்ரியை 2009இல் லண்டன் கிளப் ஒன்று எடுத்தது. ஆனால் உலகத் தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இந்தியா இல்லை என்று வேலை அனுமதியே கொடுக்கவில்லை. வினீசியஸுக்குப் பின்னால் பிரேசில் என்ற பெயர் நிற்கிறது. சேத்ரிக்குப் பின்னால் நின்றது நூற்றுச் சொச்சம் என்ற எண். சரி, சலீம் விளையாடிய அதே கிளாஸ்கோ நகரத்துக்கு 2020 ஜனவரியில் இன்னொரு இந்தியர் போனார். மணிப்பூர் போலீஸில் வேலை பார்த்த பாலா தேவி. செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் கிளப்பில் முன்கள வீராங்கனை. அந்த வருடம் டிசம்பரில் கோலும் அடித்தார். பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப யோசிக்கும் அப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சலீம் 1980இல் காலமானார். கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் இருந்தபோது, மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு அவர் மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் போட்டார். உண்மையில் பணத்துக்காக அல்ல. அப்பாவை அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதியதாகப் பின்னால் சொன்னார். பதில் வந்தது, கூடவே 100 பவுண்டுக்கு வங்கி டிராஃப்ட். மகன் அதை மாற்றவே இல்லை. உயிரோடு இருக்கும்வரை வைத்திருப்பேன் என்றார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்து இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு குறுவட்டப் போட்டி. நம் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியர் கிடையாது, நான்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். நம் அணியிலேயே சிறந்த பையன் ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் அப்பாவோடு தறியில் உட்காருவான், விடியற்காலையில் ஏரியில் பந்து உதைப்பான். ஷூ இல்லாமல் ஆடக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எப்படியோ ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ கிடைத்தது. அவனுக்கு இரண்டு அளவு பெரியது. மாட்டிக்கொண்டு ஓடித் தடுக்கி விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பாதி ஆட்டத்தில் கழற்றி என் கையில் கொடுத்து, "வெறுங்கால்ல ஆடறேன் சார், கேட்டுப் பாருங்க சார்" என்றான். நான் போய்க் கேட்கவில்லை. "விதின்னா விதிதாண்டா" என்று சொல்லி வெளியே உட்காரவைத்தேன். ஒரு துணியைச் சுற்றிவிட்டால் ஆடலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் அவன் ஏரிப் பக்கம் பந்தாட வந்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நேற்று நம்பர் வாங்கிப் போன் செய்தேன். சலீம் கதையைச் சொன்னேன், துணிக்கட்டுப் படத்தையும் அனுப்பினேன். பிறகு அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லி, "நான் கேட்டிருக்கணும்பா" என்றேன். "அதெல்லாம் ஞாபகமே இல்ல சார், விடுங்க சார்" என்று சிரித்தான். பிள்ளைகள் படிப்பு, அவன் அப்பாவின் கண் ஆபரேஷன் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போனை வைக்கும் நேரத்தில் கேட்டான்.

"அந்த ஷூ யாரோடது சார்?"

என்னுடையதுதான் என்று சொன்னேன்.